சாக்குக்குள் ஐஸ்

சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சோதனைக்குக் கொண்டுபோகும் பொருளை இரண்டு பங்காக வாங்க வேண்டும் என்பதுதான். ஒரு பங்கு சோதனைக்கு. மற்றது பிள்ளைகள் வாய்க்கு. இரண்டாம் வகுப்புக்குள் ஒரு நாளாவது நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் கீழக்குயில்குடியிலிருந்து பஸ் ஏறி, காளவாசல் பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனால் வேலை தற்காலிகம். கோடை விடுமுறைக்கு முன் தலைமை ஆசிரியை ஒரு பாடத்தை உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் ஜூனில் வரலாம், இல்லாவிட்டால் இல்லை. எனக்கு விழுந்த பாடம் 'உருகுதல்'. அதனால் அதை முன்கூட்டியே பலமுறை செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாக்லேட் போன இடம்

முதல் முயற்சி, வெயிலில் ஒரு தட்டு. அதில் வெண்ணெய், மெழுகுவர்த்தித் துண்டு, சாக்லேட். எது முதலில் உருகுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் தலைப்பு எழுதத் திரும்பினேன். தலைப்பு ஒரே சொல்தான். திரும்பிப் பார்த்தால் தட்டில் சாக்லேட் இல்லை.

"சாக்லேட் எங்கே?" என்றேன். "உருகிருச்சு டீச்சர்" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. உருகினால் தட்டில் கறையாவது இருக்க வேண்டுமே என்று முறைத்தேன். முன் பெஞ்சு கார்த்தி உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நெசமாத்தான் டீச்சர், என் வாய்க்குள்ளதான் உருகுச்சு."

சிவப்பு வடகம்

வீட்டில் எதெல்லாம் உருகும் என்று பார்த்து வரச் சொன்னது என் யோசனை. மறுநாள் காலை புவனாவின் அம்மா பள்ளி வாசலில் நின்றார். அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். மகளை அந்த மொழியில் ஒரு மூச்சு திட்டி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

விஷயம் இதுதான். மொட்டைமாடியில் வேட்டி விரித்து வடகம் காயப் போட்டிருக்கிறார்கள். நல்ல வெயில் படுகிற இடம் அதுதான் என்று புவனா தன் கிரேயான்களை வடகத்துக்கு நடுவே வரிசையாக வைத்திருக்கிறாள். சோதனை வெற்றி. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல டீச்சர், அடுத்த பாடம் என்னன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க, நாங்க சாமானை எடுத்து உள்ள வச்சுக்கிருவோம்."

மீன் இல்லாத ஐஸ்

இனிமேல் ஐஸ் மட்டும்தான் என்று தீர்மானித்தேன். காளவாசலில் இறங்கி, மீன் கடைகளுக்கு ஐஸ் போடும் அண்ணனிடம் போனேன். அவர் பாளத்தைத் தட்டி ஒரு துண்டை உடைத்து, மரத்தூள் தூவி, சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"மீனு எங்கம்மா?"

"மீன் இல்லண்ணே, பிள்ளைகளுக்குக் காட்ட."

"ஐஸைக் காட்டுறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? நல்லா இருக்குங்க உங்க படிப்பு."

ரேவதியின் சந்தேகம்

அந்தச் சாக்கைப் பார்த்ததும் ஒரு கேள்வி தோன்றியது. ஒரே அளவில் இரண்டு துண்டு. ஒன்று வெறும் தட்டில், ஒன்று சாக்கில் சுற்றி. எது முதலில் உருகும்? சாக்கில் இருப்பதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். போர்த்திக்கொண்டால் வேர்க்கும் அல்லவா, ஐஸுக்கும் வேர்க்கும்.

மணியடிக்கும் நேரத்தில் தட்டில் தண்ணீர்தான் இருந்தது. சாக்கைப் பிரித்தேன், உள்ளே ஐஸ் கொஞ்சம் இளைத்து, அப்படியே இருந்தது. வெளிச்சூடு உள்ளே போக விடாமல் சாக்கு தடுக்கிறது என்று விளக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள், கடைசிப் பெஞ்சு ரேவதியைத் தவிர. அவள் சாக்கை உதறிப் பார்த்தாள். என் பையையும் எட்டிப் பார்த்தாள்.

"நாங்க பாக்காதப்ப நீங்க புது ஐஸ் வச்சுட்டீங்க டீச்சர்."

தலைமை ஆசிரியை வந்த நாள்

முதல் பீரியடுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். பெஞ்சுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு ஐஸ் துண்டு வைத்துக் காத்திருந்தேன். அலுவலகத்தில் யாரோ பெற்றோர் வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மின்சாரம் வேறு போய்விட்டது. பங்குனி வெயில் ஓட்டுக்கூரை வழியாக இறங்கியது. நான் வாசலைப் பார்ப்பதும் தட்டுகளைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது எந்தத் தட்டிலும் ஐஸ் இல்லை.

"எங்கம்மா ஐஸு? எல்லாம் முடிஞ்சப்புறம் நான் எதைப் பாக்க?" என்றார். ஜூன் மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

கடைசிப் பெஞ்சில் ரேவதி எழுந்தாள். அதுவரை அவள் உட்கார்ந்திருந்தது சாக்கை மடியில் வைத்துக்கொண்டு. தன் பெஞ்சின் ஐஸ் துண்டை நான் பார்க்காதபோது சுற்றி எடுத்து, காவல் இருந்திருக்கிறாள். பாவாடை முழுக்க ஈரம். தலைமை ஆசிரியை முன்னால் போய்ப் பிரித்தாள். நெல்லிக்காய் அளவுக்கு ஐஸ் இருந்தது.

"டீச்சர் மாத்தல மேடம். நானே கையில வச்சுப் பாத்துட்டேன். சாக்குல வச்சா நெசமாவே சீக்கிரம் உருகல."

"ஏன் உருகல?" என்று கேட்டார் அவர். "சூட்ட உள்ள விட மாட்டேங்குது மேடம்" என்றாள் ரேவதி, ஏதோ தானே கண்டுபிடித்தது போல. தலைமை ஆசிரியை அந்தத் துண்டைக் கையில் வாங்கி, அது முழுக்கத் தண்ணீராகி விரலிடுக்கில் ஒழுகும் வரை வைத்திருந்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த வருஷம் பெரிய பாளமா வாங்குங்கம்மா, நான் அப்பவும் லேட்டாத்தான் வருவேன்."

பிள்ளைகள் ஆசிரியரை நம்பினால்தான் வகுப்பு நிலைக்கும் என்பார்கள். என் வேலை நிலைத்தது, ஒருத்தி தானே பார்க்கும்வரை நம்பாமல் இருந்ததால்.