ஆர்லோ பால் கறக்கப் போன நேரம்

ஆர்லோ பிக்கெட்டுக்கு வயது அறுபத்து மூன்று. நாற்பது கறவை மாடு, இருமிக்கொண்டே ஓடும் ஒரு டிராக்டர், இரண்டு முழங்காலிலும் வலி. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. அவனுடைய சொந்த நிலம் முழுக்கச் சரிவும் பாறையும்தான். மாடுகளுக்குப் பனிக்காலத் தீவனமாகும் புல் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஊர்ப் பொது நிலத்தில்தான் விளைந்தது. அவன் அப்பா காலத்திலிருந்தே குத்தகை. அந்த இருபது ஏக்கரில் புதுப் பள்ளிக்கூடம் கட்டப் போகிறோம் என்று அறிவித்தார்கள். புல் போனால் மாடு போகும். அதற்குமேல் இதில் விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை.

எதிர்ப்புக் குழு என் தீவனக் கடையில்தான் கூடியது. வீட்டு முன்னால் நடுகிற பலகைகளுக்கு எல்லாரும் காரசாரமாக எழுதிக்கொண்டிருந்தோம். ஆர்லோ எழுதியது இது: ‘புல்வெளியை விட்டுவிடுங்கள், தயவுசெய்து.’

"போராட்டம் பண்றியா, பிச்சை எடுக்கிறியா?" என்றேன்.

"கேக்குறது கேக்குறோம், மரியாதையாக் கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்றான்.

வீடு வீடாக ஓட்டுக் கேட்கவும் இவனைத்தான் அனுப்பினோம். பள்ளிக்கூடம் வேண்டும் என்று முன்னால் நின்ற கோரின் வீட்டுக்கும் போனான். அவள் கார் சேற்றில் புதைந்து கிடந்ததாம். டிராக்டரால் இழுத்து விட்டுவிட்டு, அவள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தையும் வாங்கிக்கொண்டு வந்தான். "பாவம், அந்தப் பொண்ணு சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஊரே கூடி ஓட்டுப் போடும் மார்ச் மாத ஊர்க்கூட்டம் பழைய பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில். கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். கோரினுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. ஆளுக்கு மூன்று நிமிடம். ஆர்லோ முக்கால் நிமிடம்கூடப் பேசவில்லை. "எனக்கு வேற புல்லு இல்லீங்க" என்று முடித்து உட்கார்ந்துவிட்டான். ஓட்டு அட்டைகளைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். நிலத்தைக் கொடுக்க நூற்று முப்பத்தொரு பேர், கொடுக்க வேண்டாமென்று நூற்று நாற்பத்து மூன்று பேர். ஜெயித்துவிட்டோம்!

எங்கள் வட்டார ஊர்க்கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர்கள் உடனே எழுந்து, ‘இதை இன்று மறுபடி எடுக்கக் கூடாது’ என்று இன்னொரு தீர்மானம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் கூட்டம் கலைகிற வரை யார் வேண்டுமானாலும் அதே விஷயத்தைத் திரும்பக் கிளப்பலாம். எங்கள் குழுவில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவன் நான். ஆனால் நான் ஆர்லோவின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பனி தள்ளும் வண்டி வாங்குகிற விஷயம். வழக்கம்போல் இரண்டு மணி நேரம் இழுத்தது. மூன்றே முக்காலுக்கு ஆர்லோ எழுந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"மாடு நிக்கும்ல. மடி கனத்துப் போனா கத்தித் தீர்த்துடும். கறந்துட்டு ஓடி வந்துடுறேன்."

மாடு வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு அவன் பின்னால் போனார்கள். முப்பதுக்கு மேல் இருக்கும். கதவு சாத்தியதும்தான் அந்த வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. இப்போது எழுந்து கேட்கவும் பயம். கேட்டால் நானே கோரின் பக்கத்தாருக்கு நினைவுபடுத்தியதாகிவிடும். சும்மா உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்குக் கோரின் எழுந்தாள். "பள்ளிக்கூட நில விஷயத்தை மறுபடி ஓட்டுக்கு விடணும்னு கேட்டுக்கறேன்."

"இது அநியாயம்! ஆளுங்க பால் கறக்கப் போயிருக்காங்க!" என்று கத்தினேன்.

கூட்ட நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் தெரியுதுய்யா. ஆனா நீங்க அப்பவே அந்தத் தீர்மானத்தைக் கேட்டு வாங்கிக் கதவை அடைச்சிருக்கணும்."

ஆர்லோவின் தொழுவத்துக்குப் போன் போட்டேன். கறவை இயந்திரச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் மூன்று நிமிடத்தில் மழை, கூரை, என் தாத்தா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன். மணியடித்து உட்காரச் சொன்னார்கள். எண்ணினார்கள். கொடுக்க நூற்று இருபத்தொன்பது, வேண்டாமென்று நூற்று நாலு. தோற்றுவிட்டோம்.

ஆறு மணிக்குத் தலைமுடி ஈரமாக, தொழுவ வாசனையோடு வந்து நின்றான் ஆர்லோ. மற்றவர்களும் பின்சுவர் ஓரமாக வரிசையாக வந்து நின்றார்கள். கூட்டம் இன்னும் கலையவில்லை. அவனை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் கோபப்படவில்லை. சுவரோரம் நின்றவர்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினான். முப்பத்தெட்டு. முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அட, இதுக்கா அழுவுற? இப்ப நாமதானே அதிகம்? நாமளும் மறுபடி எடுக்கச் சொல்லுவோம். எழுந்திரு, கேளு."

"முடியாது ஆர்லோ."

"ஏன் முடியாது?"

"எண்ணி முடிச்ச கையோட கோரின், இன்னிக்கு மறுபடி எடுக்கக் கூடாதுங்கற அந்தத் தீர்மானத்தையும் வாங்கிட்டா."

அவன் ஓட்டு அட்டை ஏற்கெனவே கையில் இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.