இரஞ்சிதம் பாட்டை நிறுத்திய நாள்

புருஷன் தவராசா இறந்த இருபத்துமூன்றாம் நாள் காலையில் இரஞ்சிதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாங்குளம் சந்திக்குப் பஸ் ஏறினாள். முப்பத்தோராம் நாள் கழியாத, சாவுத் துடக்கு வீட்டுக்காரி தனியாகச் சந்திக்குப் போகிறாளே என்று பஸ்ஸில் இரண்டு பேர் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். துடக்கு என்று வீட்டுக்குள் குந்தியிருந்தால் போனில் காணாமல் போகிற காசைப் பிடிப்பது யார்?

அவளைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரஞ்சிதத்தை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி கொடுத்த காலத்தில் காரைநகரிலிருந்து வந்த குடும்பம். பிறந்தது, படித்தது, தாலி கட்டியது, இடம்பெயர்ந்து ஓடியது, முகாமிலிருந்து திரும்பி வந்து கூரையில்லாத வீட்டைக் கூட்டிப் பெருக்கியது எல்லாம் இந்த மண்ணில்தான். இரண்டு ஏக்கர் வயல், மூன்று மாடு. பால் எடுக்கிறவர் அளக்கும்போது நுரை அடங்கும்வரை போத்தலில் இருந்து கண்ணை எடுக்கமாட்டாள். ஐம்பத்தாறு வயதுவரை, வாங்காத சாமானுக்கு அவள் ஒரு சதம் கொடுத்ததில்லை.

தவராசா நேர் எதிர். எங்கே ஒரு பொத்தானைக் கண்டாலும் அமத்திப் பார்க்கிற மனுசன். கலகலப்பான ஆள், கை தாராளமான செலவாளி. வீட்டில் இருந்த ஒரே போனும் அவருடையதுதான். அவர் போன பிறகு அது இவளுடைய கைக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அதற்குள் காசு தங்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சுமித்திரா சந்திக்குப் போகும்போது இரஞ்சிதம் அவளிடம் நூறு ரூபாய் கொடுத்து விடுவாள். பின்னேரம் போனுக்கு ரீலோட் வரும். விடியக் காலையில் போனை எடுத்து நம்பரை அமத்தினால், ஒரு பெண் குரல் முதலில் சிங்களத்தில் ஏதோ சொல்லி, பிறகு தமிழில், போதிய மீதி இல்லை என்று மரியாதையாகச் சொல்லும். இரண்டு தரம் இப்படி நடந்தது. யாருக்கும் கோல் எடுக்காத போனில் காசு எப்படி முடியும்? ரீலோட் போடுகிற கடைக்காரப் பெட்டைதான் காசைச் சுத்துகிறாள் என்று இரஞ்சிதம் தீர்மானித்துவிட்டாள்.

காசு போனதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. தவராசாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் கஜனி, வவுனியாவில் வேலை. தகப்பனுக்குக் கொள்ளி வைத்தது கனகராயன்குளத்தில் இருக்கும் தவராசாவின் தம்பி தில்லைநாதன். கொள்ளி வைத்தவர்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செய்ய வேண்டும். கீரிமலைத் தீர்த்தக்கரைக்குப் போவதா, வீட்டோடு செய்வதா, ஐயருக்கு என்ன சொல்வது, எல்லாம் அவர் வாயால் வர வேண்டும். அவரோ எட்டாம் நாள் செலவுச் சடங்கோடு போனவர். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, சொல்லும் இல்லை. அவர் வராவிட்டால் தவராசா கரையேறமாட்டார் என்று இரஞ்சிதம் முழுமனதாக நம்பினாள்.

சொல் இல்லை என்பதும் முழுச் சரி இல்லை. தில்லைநாதன் இவளுக்குக் கோல் எடுத்தார். ஆறேழு தரம் எடுத்தார். ஒவ்வொரு தரமும் இவள் குசினியிலிருந்து ஓடிவந்து தூக்குவதற்குள் நின்றுவிடும்.

வன்னியில் மிஸ்ட் கோல் என்பது ஒரு தனிப் பாஷை. பால் வண்டிக்காரர் இரண்டு தரம் அடித்து விட்டால் படலைக்கு வா என்று அர்த்தம். ஒரு தரம் அடித்து நின்றால் நீ எடு, என்னிடம் காசில்லை என்று அர்த்தம். இல்லாதவன் இருக்கிறவனுக்குக் கொடுப்பதுதான் முறை. இரண்டு ட்ரக்டரும் நெல் வெட்டுகிற மெஷினும் வைத்திருக்கும் தில்லைநாதன், புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மிஸ்ட் கோல் கொடுப்பதா? இரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அறுவடைக் காசு மூட்டை மூட்டையா வருது, எனக்கு ஒரு கோல் எடுக்கக் காசில்லையாமோ?" என்று மாட்டுக்குச் சொன்னாள். என்றாலும் அந்தியேட்டி நாள் காத்து நிற்காதே. ரோசத்தை விழுங்கிக்கொண்டு திருப்பி எடுக்கப் பார்த்தால் காசில்லை. சுமித்திராவின் போனைக் கேட்டிருக்கலாம். இரவல் போனில் குடும்பக் கதை கதைக்கிற வழக்கம் இரஞ்சிதத்திடம் இல்லை.

ஆகவேதான் சந்திக்குப் போனாள்.

கடையில் யதுர்ஷிகா என்ற பெட்டை இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். இரஞ்சிதம் போனை மேசையில் வைத்த சத்தத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

"பிள்ளை, ரெண்டு தரம் நூறு நூறா அனுப்பினனான். நான் ஒரு கோலும் எடுக்கேல்லை. காசு எங்க?"

"அன்ரி, நான் போட்டது போட்டதுதான். இஞ்ச பாருங்கோ, ரெண்டு தரமும் மெசேஜ் வந்திருக்கு. பொறுங்கோ, உங்கட நம்பருக்கு ஒருக்கா அடிச்சுப் பாப்பம்."

யதுர்ஷிகா கடைப் போனில் நம்பரை அமத்தி, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தாள். இரஞ்சிதத்தின் போன் மேசையில் கிர்ரென்று சாதாரணமாக அடித்தது. கடைப் போனிலிருந்து தவிலும் பறையும் விசிலுமாக ஒரு டப்பாங்குத்துப் பாட்டு வெடித்தது. ஏதோ படத்தில் குடிகாரக் கூட்டம் ஒன்று ஆடுகிற பாட்டு. வாசலில் சைக்கிளோடு நின்றவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பிள்ளை இது?"

"உங்களுக்கு எடுக்கிற ஆக்களுக்குக் கேக்கிற பாட்டு அன்ரி. ஆரோ போட்டிருக்கினம். மாசா மாசம் காசு போகும்."

"எனக்கு ஒருநாளும் கேக்கேல்லையே."

"உங்களுக்குக் கேக்காது. எடுக்கிற ஆக்களுக்குத்தான் கேக்கும்."

இரஞ்சிதம் கதிரையில் இருந்தாள். இருபத்திரண்டு நாள். துக்கம் கேட்க எடுத்தவர்கள் எத்தனை பேர்! கனடாவிலிருந்து மாமி எடுத்தார். பாடசாலை அதிபர் எடுத்தார். அத்தனை பேரும் இந்தக் கூத்தைக் கேட்ட பிறகுதான் "ஐயோ இரஞ்சிதம்" என்று தொடங்கியிருக்கிறார்கள். ஒரு மனிதர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. செத்த வீட்டில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று நாகரிகம் பார்த்திருக்கிறார்கள். நாகரிகம் இப்படியும் ஆளைக் கொல்லும்.

தில்லைநாதனும் கேட்டிருக்கிறார். அவள் முகம் வெந்துபோயிற்று. மிஸ்ட் கோலாவது மண்ணாவது! அண்ணன் சாம்பல் ஆற முந்திப் பாட்டுப் போட்டிருக்கிறாள் என்று, அருவருத்துப் போனை வைத்திருக்கிறார் மனுசன். இனி எப்படி வருவார்?

"இப்பவே நிப்பாட்டு பிள்ளை."

யதுர்ஷிகா போனை வாங்கி எதையோ தட்டினாள். திரும்ப அடித்துப் பார்த்தபோது பாட்டு இல்லை. வேறு ஏதோ வீணை இசை வந்தது. இரஞ்சிதம் எழும்பப் போனாள்.

"இருங்கோ அன்ரி. பாட்டை எடுத்தாச்சு, சேவை ஓடிக்கொண்டுதான் இருக்கு. வீட்டுச் சாமானை ஏத்திப்போட்டு வீட்டை விடாமல் வைச்சிருந்தா வாடகை நிக்குமோ? அதை வேறயா நிப்பாட்ட வேணும்."

அவள் இன்னொரு இலக்கத்தை அமத்தினாள். அந்த நம்பரில் என்னென்ன சேவை இருக்கிறது என்று ஒரு பட்டியல் வந்தது. மூன்று இருந்தது. பாட்டு ஒன்று. கிரிக்கெட் செய்தி ஒன்று. ராசிபலன் ஒன்று, இது தினசரி. மூன்றும் பட்டினி கிடந்து, ரீலோட் விழுந்த உடனே உருவிக்கொண்டிருக்கின்றன. வந்த அறிவித்தல் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் இரஞ்சிதம் அவற்றைத் திறக்கவே இல்லை. யதுர்ஷிகா ராசிபலனில் ஒன்றை வாசித்துத் தமிழில் சொன்னாள். தவராசாவின் பிரேதத்தை எடுத்த அன்று வந்தது. நீண்ட பயணத்துக்கு ஏற்ற நாள் என்று இருந்தது.

"அதுவாவது சரியாச் சொல்லியிருக்கு" என்றாள் இரஞ்சிதம்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிறுத்தச் சொல்லி மெசேஜ் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியவுடன் நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது, நிறுத்தியாயிற்று என்று பதில் வர வேண்டும் என்றாள் யதுர்ஷிகா. பாட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் உடனே வந்தது. ராசிபலனுக்கு வரவில்லை. இரண்டாம் தரமும் வரவில்லை. கம்பனிக்கே எடுத்தார்கள். தமிழுக்கு இரண்டை அமத்தி, காத்திருந்து, கடைசியில் ஒரு பொடியன் வந்தான். நல்ல பணிவான குரல். சிம் யாருடைய பெயரில் என்று கேட்டான். அடையாள அட்டை இலக்கம் கேட்டான். முகாம் பதிவுகளில் நூறு தரம் சொல்லிச் சொல்லி, புருஷனுடைய இலக்கம் இவளுக்குத் தன்னுடையதைவிட நன்றாகப் பாடம்.

"சிம் உரிமையாளர் பக்கத்தில் இருக்கிறாரா?"

"இல்லைத் தம்பி."

"எப்ப வருவார்?"

இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. எல்லோரும் தெரிந்துகொண்டு வந்தவர்கள்.

"அவர் மோசம் போயிட்டார். இண்டைக்கு இருபத்துமூண்டு நாள்."

பொடியன் மன்னிப்புக் கேட்டான். ராசிபலனை நிறுத்தினான். இனி எந்தச் சேவையும் தானாக ஒட்டாமல் அந்த நம்பரைப் பூட்டிவிட்டான். மரணச் சான்றிதழோடு வந்தால் சிம்மை அவள் பெயருக்கு மாற்றலாம் என்றான். எடுத்த காசைக் கேட்டதற்குத் திருப்பித் தர வழியில்லை என்றான். ஆள் போன பிறகும் ராசிபலன் சொல்லிக் காசு எடுத்தது எந்த ஊர் ஞாயம் என்று இரஞ்சிதம் பிடித்தாள். முறைப்பாடாக எழுதுகிறேன் என்று அவன் ஒரு இலக்கம் கொடுத்தான். இலக்கத்தை யதுர்ஷிகாவைக் கொண்டு கடதாசியில் எழுதுவித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு இன்னொரு நூறு ரூபாய் போட்டாள். ஐந்து நிமிடம் காத்திருந்து மீதியைப் பார்த்தார்கள். நூறும் அப்படியே இருந்தது. தில்லைநாதனுக்கு எடுத்தாள்.

"தம்பி, ஒண்டும் கதைக்க வேண்டாம். வைச்சிட்டு இந்த நம்பருக்கு ஒருக்கா எடுங்கோ."

எடுத்தார். அவள் உடனே தூக்கவில்லை. வெறும் மணி அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று ஐந்து தரம் அடிக்க விட்டாள்.

"கேட்டீங்களோ? பாட்டு இல்லை. நான் போட்டதில்லைத் தம்பி, சத்தியமா எனக்குத் தெரியாது. கொண்ணர்தான் எப்பவோ எதையோ அமத்தியிருக்கிறார். அதை மனசில வைச்சுக்கொண்டு அந்தியேட்டிக்கு வராமல் விட்டிடாதையுங்கோ."

அந்தப் பக்கம் நெல் வெட்டுகிற மெஷின் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அது அண்ணன்ர பாட்டெண்டு எனக்குத் தெரியாதோ? ரெண்டு வருசமாக் கேக்கிறன்." என்றார் தில்லைநாதன். "நான் கோவத்தில போனை வைக்கேல்லை. அண்ணன் அந்தப் பாட்டு முடிய முந்தித் தூக்கி, என்னடா தம்பி எண்டு கேப்பார். அதைக் கேட்டுக்கொண்டு நிண்டா எனக்குக் கதைக்க வராது. அதுதான் நீங்கள் தூக்க முந்தி வைச்சனான். ஒருக்காலாவது கதைச்சிடலாம் எண்டு திரும்பத் திரும்ப எடுத்தனான்."

இரஞ்சிதம் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"நிப்பாட்டியாச்சோ?" என்று அவர் கேட்டார்.

"நிப்பாட்டியாச்சுத் தம்பி. பதிலும் வந்திட்டுது."

"ம். நிப்பாட்டத்தானே வேணும். அந்தியேட்டிக்கு முதல் நாளே வாறன். கீரிமலைக்குப் போவம். வானை நான் பிடிக்கிறன்" என்றார்.

போனை வைத்ததும் யதுர்ஷிகா மெல்லக் கேட்டாள். "அன்ரி, வேணுமெண்டால் அந்தப் பாட்டைத் திரும்பப் போடலாம்."

"மாசா மாசம் காசு போகுமோ?"

"போகும்."

"வேண்டாம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு இரஞ்சிதம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். செத்த வீட்டில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, ஐயருக்குச் சாமான், கஜனிக்குத் தேறுதல் என்று ஓடித் திரிந்ததில் அவள் சரியாக அழவே இல்லை. யதுர்ஷிகா வேறு பக்கம் திரும்பி, அடுக்கியிருந்த போன் கவர்களைத் திரும்பவும் அடுக்கினாள். பன்னிரண்டரை பஸ் கடைக்கு முன்னால் நின்று, ஹோர்ன் அடித்து, போய்விட்டது. அடுத்தது இரண்டு மணிக்கு. அதுவரை அவளுக்கு அழ நேரம் இருந்தது.