மேலாக அடுக்கிய மூன்று கட்டு

இன்னொரு மனிதரின் வேலை போகப் போகிறது என்று முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்ன மடையன் திருப்பூரில் ஒருவன் இருக்கிறான் என்றால், அது நான்தான். நன்றியோடு நிறுத்தினேனா? கொஞ்சம் ஆனந்தக் கண்ணீரும் விட்டேன்.

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது. ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் துணியில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. என்னிடம் குறை கண்டுபிடிக்க வீட்டில் மனைவி இருக்கிறாள். அவளும் அதே கம்பெனியில்தான், டெய்லர்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்து அடுக்குகிற கைமடி வேலை.

லைன் வீட்டில் குடியிருந்தோம். ஞாயிறு மாலைகளில் நாலைந்து குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடிப் பாடி ஜெபிப்போம். அடுத்த வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர் எங்கள் கம்பெனியிலேயே டெய்லர். முதலில் முறைத்தார். பிறகு வாசலுக்கே வந்து, "இந்தக் காம்பவுண்டுக்குள்ள உங்க சாமி பாட்டெல்லாம் வேண்டாமுங்க" என்றார். கடைசியில் வீட்டு ஓனரிடம் போய்விட்டார். ஓனர் வந்தார். "கோவிச்சுக்காதீங்க. இந்த மாசத்தோட பாட்டை நிறுத்துங்க, இல்லீன்னா ஊட்டைக் காலி பண்ணிக்குங்க." எங்கள் பக்கம் துரத்துவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் துரத்துவார்கள்.

மனைவி ஜன்னல்களைச் சாத்தினாள், எல்லோரையும் மெதுவாகப் பாடச் சொன்னாள். நிறுத்தச் சொல்லவில்லை. நானோ, எதிரிகள் அழிந்துபோகிற வசனங்களாகப் பார்த்துப் பொறுக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி உரக்க வாசித்தேன். வீரம் அவ்வளவுதான். நேரில் பார்த்தால் வணக்கம் வைத்துவிடுவேன்.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அடுத்த வீட்டு டெய்லர் தைத்த மூன்று கட்டு டி-ஷர்ட்டுகள் என் மேஜைக்கு வந்தன. பிரித்துப் பார்த்தவன் அதிர்ந்தேன். துணி எல் சைஸ், கழுத்தில் தைத்திருந்த லேபிள் எம் சைஸ். மூன்று கட்டிலும் அப்படியே. மறுநாள் காலை, சரக்கை வாங்குகிற பையர் தரப்பு ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். அவர் கண்ணில் பட்டால் தைத்தவரை அன்றே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உடனே திருப்பி அனுப்பிச் சரி செய்யச் சொல்லியிருக்க வேண்டும். நான் மூன்று கட்டையும் 'பாஸ்' போட்டு, வருகிறவர் கைக்கு முதலில் சிக்கும்படி மேலாக அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து முழங்காலிட்டேன். எதிரியை ஆண்டவர் என் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டாராம்!

சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சாட்சி சொல்வது போலச் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"எத்தனை பீஸுங்க?"

"நூத்தம்பது இருக்கும்" என்றேன் பெருமையாக. அவள் ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிரமித்துவிட்டாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

காலையில் எழுந்தால் மனைவியைக் காணோம். டீயையும் காணோம். சீக்கிரமே வேலைக்குப் போயிருப்பாள், போகட்டும், வேடிக்கை பார்க்க நாமும் நேரத்தில் போவோம் என்று கிளம்பினேன். செக்கிங் செக்‌ஷனுக்குள் நுழைந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

மூன்று கட்டும் பிரிந்து கிடந்தன. தரையில் உட்கார்ந்து சின்னக் கத்திரியால் லேபிள்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. பக்கத்து மெஷினில் அந்த டெய்லர் வியர்வை வழிய, சரியான லேபிளை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். விடிவதற்குள் அவர் கதவைத் தட்டி, விஷயத்தைச் சொல்லிக் கையோடு கூட்டி வந்திருக்கிறாள்!

"நின்னது போதும். கத்திரி எடுத்துட்டு ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

உண்மையான அதிர்ச்சி அதற்கப்புறம்தான். ஒரு கட்டுக்குள்ளிருந்து லேபிள் கொடுத்த சீட்டை எடுத்து அவர் என்னிடம் நீட்டினார். "குடுத்ததைத்தானுங்க தெச்சேன்." எல் சைஸ் கட்டுக்கு எம் சைஸ் லேபிள் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து. என் கையெழுத்து! அந்த வாரம் ஸ்டோர்க்காரர் லீவு என்று லேபிள் எடுத்துக் கொடுத்தவன் நானேதான். ஆண்டவர் என் கையில் ஒப்புக்கொடுத்த எதிரி நான்தான் போலிருக்கிறது.

அவர் சீட்டை மேனேஜரிடம் காட்டியிருக்கலாம். என் கையில் வைத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டார். இன்ஸ்பெக்‌ஷன் வந்தது, போனது. எங்கள் இருவர் வேலையும் தப்பியது.

கதையாக இருந்தால் அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து பாடியிருப்பார். வரவில்லை. ஓனரிடம் சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை. வழியில் பார்த்தால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். எதிர்ப்பு வந்தால் உறுதியாக நிற்பது என்றால், எதிரி விழும்வரை காத்திருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. யார்மேலாவது பழிவாங்க வசனம் தேடும்போது அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் ஓனர் கெடு வைத்த அந்த மாதக் கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், "அந்த மனுசனுக்கு இத்தனை செஞ்சியே, நமக்கு என்ன ஆச்சு? பாட்டை நிறுத்தவும் மாட்டேங்கற. இப்ப என்ன பண்றது?" என்று பொரிந்தேன்.

அவள் நிமிரக்கூட இல்லை.

"வேற ஊடு பாருங்க."