கை தூக்கி நின்றவருக்கு ஒரு சாட்சி

சென்ற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோலார் தங்கவயலின் தேவாலயக் கூடமொன்றில் ஓர் அயல்நாட்டுப் படத்தைத் திரையிட்டோம். கறுப்பின இளைஞன் ஒருவனைக் காவலர்கள் நடுச்சாலையில் நிறுத்துகிறார்கள், கையை உயர்த்தச் சொல்கிறார்கள், அவன் தயங்குகிறான்...

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற ராஜப்பா.

"இன்னாப்பா, தூக்கேன் கைய! நாங்க தெனம் ஷிஃப்ட் முடிஞ்சா தூக்கல? தங்கம் கீதான்னு தடவிப் பாத்துட்டு வுட்ருவாங்க!"

"தொரைங்களையும் தடவுவாங்களா மாமா?" என்றார் ஒருவர்.

"எங்கப்பா காலத்துல தொரைய எவன் தொட்டான்? மொத்த மைன்ஸும் அவன்து. அவன் இன்னாத்துக்குத் திருடணும்?"

கூடம் சிரித்தது. திரையில் அந்த இளைஞன் செத்தான்.

அடுத்துப் பேச வேண்டியவன் நான். கல்லூரி மேடைகளில் கோப்பைகள் வென்றவன் அல்லவா? நம் முன்னோர் உடலை நாள்தோறும் துழாவிய கையும், கடலுக்கு அப்பால் இவனைச் சாய்த்த கையும் ஒன்றே என்றேன். "கண்டும் வாய்திறவாதவன், கொன்றவனின் கூட்டாளி!" என்று முடித்தேன். கைதட்டல் — நெடுநேரம்.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கும்போது ஸ்டெல்லா அக்கா வந்தார். எங்கள் தெருக்காரர். அதற்குப் பத்து நாள் முன்பு, ரயிலிறங்கி நடந்துவந்த அவர் கணவரை, மூடிய சுரங்கத்தின் வேலியருகே, இரும்பு திருடியதாகச் சொல்லிப் போலீசார் அடித்தார்கள்.

"அவரு கைய தூக்கிக்கினுதான் நின்னாரு தம்பி. தூக்குன கையதான் ஒடச்சாங்க. நீங்க வண்டிய நிறுத்திப் பாத்தீங்கன்னாரு. நாளைக்குக் கோலார்ல வக்கீலப் பாக்கப் போறோம். வந்து சொல்றீங்களா?"

பார்த்தேன்தான். இருபதடி தூரத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமல். ஆனால், எனக்கு அரசு வேலை கிடைத்திருக்கிறது. நன்னடத்தை விசாரணைக் காகிதம் அதே காவல் நிலையத்தில் கிடக்கிறது.

"பாக்கலாங்க்கா... இந்த வாரம் கொஞ்சம் வேலை."

சொற்களை அணிவகுக்கச் செய்யும் வாய்க்கு, அவ்வளவுதான் வந்தது.

அக்கா சண்டை போடவில்லை. "சரி தம்பி, வேலயப் பாருங்க" என்று, மீதி நாற்காலிகளையும் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தகைய படங்கள் மனிதரை மாற்றும் என்கிறார்களே — எந்த மனிதரை? அநீதி தொலைவில் நடந்தால், நமக்கு எத்தனை அழகாகக் கோபம் வருகிறது!

மறுநாள், "பாத்தவங்க யாராச்சும் உண்டா?" என்று வக்கீல் கேட்டாராம். "யாரும் இல்ல சார்" என்றாராம் அக்கா. சாட்சியில்லாத வழக்கு நிற்காதென்று வக்கீல் அனுப்பிவிட்டாராம். அக்காவின் கணவர்தான் சொன்னார் — என் முகத்தைப் பார்க்காமல்.

இந்தப் பத்தியில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய பாதுகாப்புக்காக என்றுதான் பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன்.