விரிசல் என்று குறித்த கோடு

பரளச்சியிலிருந்து காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து, அமெரிக்காவில் யார் யார் வீட்டிலோ இருக்கும் கண்ணாடிக் குழாய்களில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது சத்யபிரியாவின் வேலை. எல்லாம் புகைபிடிக்கிற குழாய்கள். ஊரில் யாரிடமும் இதை அவள் விளக்கிச் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்றால் அதோடு கேள்வி நின்றுவிடும்.

இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை தப்பியதால் வந்த வேலை அது. அவள் கணவர் மருதுபாண்டி நாலு ஏக்கர் கரிசலில் விதைத்த கொத்தமல்லி முளைத்த வேகத்தில் கருகிப்போனது. கல்யாணத்துக்கு முன்னால் படித்த பி.ஏ. ஆங்கிலம் அலமாரியில் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போனாள். வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்று படங்களை அனுப்பும். ஒன்பது பெண்கள் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்து, பொருளின் நிலைமையை எழுதி அனுப்புவார்கள். முதலில் பழைய கைக்கடிகாரங்கள் வந்தன, அப்புறம் பொம்மைகள். போன வருஷத்திலிருந்து குழாய்கள்.

முதல் படத்தைப் பார்த்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னாள்.

"ஒரு குழாய் நம்ம காசுக்கு ஏழு லட்சங்க."

"தங்கமா?"

"வெறும் கண்ணாடிதான். ஆனா ஒருத்தர் கையால ஊதிச் செஞ்சது. அவரு பேரு அடியில இருக்கணும், கீறல் இருக்கக் கூடாது. அதுல ஒரு தடவைகூடப் புகை பிடிச்சிருக்கக் கூடாது. அப்பத்தான் அந்த வெலை."

மருதுபாண்டி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "புகையே பிடிக்காட்டி அப்புறம் என்னத்துக்குக் குழாயி?"

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. இருபது வருஷம் கழித்து இந்தப் பொருளின் மதிப்பு ஏறுமா, நிற்குமா, இறங்குமா என்று அதில் குறிக்க வேண்டும். அதற்கு விதிமுறைகள் கொடுத்திருந்தார்கள். விரிசல் என்றால் யோசிக்கவே வேண்டாம், இறங்கும்.

"மாசியில மல்லி என்ன வெலைக்குப் போகும்னு எனக்கே தெரியல. நீ இருவது வருசத்துக்குச் சொல்லுறே," என்பார் மருதுபாண்டி. அதில் கேலியும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சத்யபிரியாவின் கண் அலுவலகத்தில் பெயர் வாங்கிய கண். ஒளி பட்டு மினுங்குகிற கோடு எது, உள்ளே ஓடுகிற விரிசல் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். பக்கத்து மேசை சுகப்பிரியா சந்தேகம் வந்தால், "அக்கா, ஒரு நிமிசம் வாங்களேன்," என்று அவளைத்தான் கூப்பிடுவாள்.

கார்த்திகையில் ஒரே வீட்டிலிருந்து இருபத்து மூன்று குழாய்கள் வந்தன. ஒரு பெரியவர் தன் சேகரிப்பை மொத்தமாக விற்கிறார் என்று குறிப்பு இருந்தது. அதில் பதினேழாவது, கருநீல நிறக் குழாய். அதன்மேல் ஒரு கண்ணாடி நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு கொம்புகளையும் நீட்டிக்கொண்டு, எதையோ கேட்கிற மாதிரி நின்றது. அதை மூடிவிட்டு அடுத்த படத்துக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நத்தை ஓட்டுக்கு அடியிலிருந்து வளைந்து இறங்கும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது.

விரிசல் என்று எழுதினாள். இறங்கும் என்று குறித்தாள். மதிப்பு பத்தில் ஒன்றானது.

நாலு நாளில் மறுப்பு வந்தது. குழாய் வாங்கிய நாளிலிருந்து கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே போனதே இல்லை, விரிசல் விழ வழியில்லை என்று பெரியவர் எழுதியிருந்தார். மறுபடி பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். சுகப்பிரியாவும் பார்த்து, "விரிசல்தான்க்கா," என்றாள். சத்யபிரியா உறுதி செய்து அனுப்பினாள். ஆனாலும் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஒரு மாதிரி இருந்தது. வயசான மனுஷன் எந்தச் செலவுக்காக விற்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் மேலாளர் ராஜகுரு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சத்யா, அது விரிசல் இல்லையாம்."

"இல்ல சார், நான் நல்லாப் பார்த்தேன்."

"முடியாம். தலைமுடி. நீங்களே படிங்க."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். பெரியவரின் கடிதம் அதில் இருந்தது. இரண்டாம் தடவையும் விரிசல் என்று பதில் வந்ததும் கோபத்தோடு குழாயை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். பல்குத்தும் குச்சியால் தொட்டதும் கோடு அசைந்திருக்கிறது. நரைத்த முடி. அவர் மனைவிதான் ஞாயிறுதோறும் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு குழாயாகத் துடைத்து வைப்பாராம். போன வருஷம் அந்த அம்மாள் இறந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் குழாய்களைத் துடைக்கவில்லை. நத்தை விற்பனைக்கு இல்லை, மற்ற இருபத்து இரண்டையும் விற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: விரிசல் என்று சொன்னவரைத் திட்ட வேண்டாம்.

சத்யபிரியா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராஜகுரு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவரு திட்ட வேணாம்னுட்டாரு. ஆனா தப்பு கணக்குல ஏறும்மா. இந்த மாசம் ஊக்கத்தொகை கெடைக்காது."

"சரிங்க சார். நான் அவருக்கு ரெண்டு வரி எழுதலாமா?"

"நாம நேரா எழுதக் கூடாதே." யோசித்தார். "எழுதிக் குடுங்க. கம்பெனி வழியா அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாக்குறேன்."

அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். முதல் காகிதத்தில் மன்னிப்பு மட்டுமே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, அந்த நத்தை மிக அழகாக இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால்தான் அந்தக் கோடு கண்ணில் பட்டது என்று எழுதிக் கொடுத்தாள்.

சாயங்காலம் பரளச்சியில் இறங்கியபோது மருதுபாண்டி வண்டியோடு நின்றார். மல்லிக்குக் களையெடுத்த கையில் இன்னும் மண் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தபடி நடந்ததைச் சொன்னாள். ஊக்கத்தொகை போனதையும் சொன்னாள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்.

"அவுக அந்த முடிய எடுத்துப் போட்டுட்டாகளா?"

"இல்லங்க. இருந்த எடத்துலயே இருக்கட்டும்னு உள்ள வச்சுட்டாராம்."

"நல்லவேளை," என்றார். அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் போய்க் கதவைத் திறந்தார்.

மறுமாதத்திலிருந்து, விரிசல் என்று எழுதும் முன் பொருளைத் துடைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று புதிய விதி வந்தது. தையில் இருபத்து இரண்டு குழாய்களும் ஏலத்தில் போயின. அவளுடைய இரண்டு வரிகள் பெரியவருக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று தெரியவில்லை. சில நாள் ராஜகுருவிடம் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். படங்கள் வந்துகொண்டே இருந்தன.