முப்பத்திரண்டைத் தொடாதவன்

என் தம்பி நெவில் ப்ளூர் உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, கோட்டைக் கழற்றாமல், கார் சாவியை விரலில் சுழற்றியபடியே குடிப்பான். பாதிக் கோப்பையில், "சரி டக், கெளம்பறேன்" என்பான். எங்கே என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இங்கிலாந்தில் எங்கள் ஊரான பர்ஸ்லெமில் பால்காரர், பாதிரியார், கட்டிய மனைவி எல்லாருமே எல்லாருக்கும் செல்லமாக 'டக்'தான். ஆனால் அவன் வாயிலிருந்து வரும்போது மட்டும் அது விடைபெறுவது போலவே கேட்கும்.

மார்ச் மாதம் அவனை அடக்கம் செய்தோம். தேவாலயத்துக்கு வெளியே, பிறகு பப்பில், பிறகு என் வீட்டு வாசலில், வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பத்தொன்பது வருஷம் டார்ட்ஸையே தொழிலா ஆடினவன், டபுள் பதினாறை மட்டும் ஏன் எறியவே மாட்டேன்னான்?"

பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர். இப்போது இரண்டு பேர்.

ஐந்நூற்று ஒன்றில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசி அம்பு, பலகையின் வெளி விளிம்பில் இருக்கும், எண்ணை இரட்டிப்பாக்கும் மெல்லிய டபுள் வளையத்தில் குத்தி, எண்ணைச் சரியாகப் பூஜ்ஜியமாக்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்பு. ஆட்டம் அவ்வளவுதான். ஆடுகிறவர்கள் எல்லாரும் மீதி முப்பத்திரண்டு வரவேண்டும் என்றே ஏங்குவார்கள். டபுள் பதினாறு தவறி ஒற்றைப் பதினாறில் விழுந்தால் மீதி பதினாறு, டபுள் எட்டு. அதுவும் தவறினால் டபுள் நாலு. எங்கே சறுக்கினாலும் அடுத்த படி கால் வைக்கக் கிடைக்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நெவ்தான். அப்போது அவன் பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல். "கைப்பிடி கோணினா கோப்பை குப்பைக்கு. அம்பு கோணினா திரும்ப எறியலாம். எது நல்ல வேலை சொல்லு?" என்பான்.

பப் ஆட்டத்தில் தோற்றவன்தான் கணக்கு எழுதும் கரும்பலகையைத் துடைத்து, அடுத்த ஆட்டத்துக்குச் சாக்பீஸ் பிடிக்கவேண்டும். அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. எழுதுகிறவர் பலகையைப் பார்த்தபடி நிற்கவேண்டும். அசையக் கூடாது, தானாக வாய் திறக்கக் கூடாது. ஆட்டக்காரன் கேட்டால் மீதி எவ்வளவு என்று மட்டும் சொல்லலாம். பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் கணக்கு வரும் ஆளைத் தேடிப் பிடிப்பார்கள். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆகவே எண்பத்து நாலு பிப்ரவரியில், டிவியில் காட்டும் பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கும் கடைசித் தகுதி ஆட்டத்தில், சாக்பீஸ் என் கையில் இருந்தது.

தம்பியின் ஆட்டத்துக்கு அக்கா எழுதலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். எதிராளி வில்ஃப் ஹாஸல், பிடல்ஃப் ஊர்ப் பால்காரர், பரவாயில்லை என்று கையை ஆட்டினார். "அந்தப் பொண்ணு என் மகனையே கணக்குல ரெண்டு தடவ ஃபெயில் ஆக்கினவ. அவளுக்குத் தம்பியாவது, பாசமாவது!"

கடைசி ஆட்டம். நெவ்வுக்கு மீதி நூற்று நாற்பத்திரண்டு, வில்ஃபுக்கு முப்பத்தாறு. நெவ்வின் முதல் அம்பு ட்ரிபிள் இருபது. அறுபது போயிற்று. இரண்டாவது ஒற்றை இருபது. மீதி அறுபத்திரண்டு. மூன்றாவதை எங்கே எறிவான் என்று எனக்குத் தெரியும்: ட்ரிபிள் பத்து, முப்பது போனால் மீதி முப்பத்திரண்டு. அம்பு பறப்பதற்கு முன்பே மனதில் கழித்துவிட்டேன். எழுதுகிறவர்கள் செய்யவே கூடாதது அது. கை முந்திக்கொள்ளும்.

அம்பு ட்ரிபிள் கம்பியை ஒட்டி விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் கம்பிக்கு உள்ளே என்று நினைத்துக் கத்தினார்கள். உண்மையில் அது வெளியே, ஒற்றைப் பத்து. எறிந்ததைக் கூட்டிச் சொல்பவர் "தொண்ணூறு" என்றது அந்தக் கூச்சலில் அமுங்கிப்போயிற்று. எனக்குக் கேட்டது. இடப்பக்கம் தொண்ணூறு என்றும் எழுதினேன். வலப்பக்கம் ஐம்பத்திரண்டு எழுதவேண்டிய இடத்தில், கை ஏற்கனவே தயாராக வைத்திருந்த முப்பத்திரண்டை எழுதிவிட்டு நின்றது.

வில்ஃப் வந்தார். டபுள் பதினெட்டு. மூன்று அம்பும் தவறின. "என் மாடுகூட இதவிட நல்லா எறியும்" என்று தனக்குத்தானே சொல்லியபடி நகர்ந்தார்.

நெவ் எறியும் கோட்டுக்கு வந்தான். அம்பு வரவில்லை. என் முதுகுதான் அவன் பக்கம். ஆனாலும் அந்த நேரம் நீண்டது தெரிந்தது. எறியும்போது யோசிக்கிறவன் அல்ல அவன். ஏன் நிற்கிறான் என்று நினைத்தபோதுதான் நான் எழுதியதை நானே படித்தேன். நூற்று நாற்பத்திரண்டு. தொண்ணூறு. முப்பத்திரண்டு.

தப்பாக எழுதியிருந்தால், அந்த ஆட்டக்காரன் தன் அடுத்த அம்பை எறிவதற்குள் திருத்தவேண்டும். எறிந்துவிட்டால் பலகையில் இருப்பதுதான் எண். தப்பு அப்படியே சரியாகிவிடும். சட்டம் அது. அவன் வாயைத் திறந்திருந்தால் போதும். நானும் கையைத் தூக்கியிருந்தால் போதும். ஆலையில் அந்த மாதம் பாதிப் பேரை நிறுத்தப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வேண்டுமென்றே தப்பாக எழுதவில்லை. ஆனால் வேண்டுமென்றே பேசாமல் நின்றேன்.

அம்பு டபுள் பதினாறின் நடுவில் குத்தியது.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வில்ஃப் வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார். தோற்றவர் அல்லவா, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு அவர்தான் எழுதவேண்டும். ஈரத்துணியைப் பலகைமேல் வைத்தவர் ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது. பிறகு ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார்.

அடுத்த மாதமே நெவ் ஆலையை விட்டான். பட்டுச் சட்டை, முதுகில் பெயர், கிளாஸ்கோ, பிளாக்பூல், ஆம்ஸ்டர்டாம். உலகத் தரவரிசையில் ஒன்பதாம் இடம்வரை போனான். அதே வருஷம் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் தெருமுனைப் பப்பில், நான் பழக்கத்தில் சாக்பீஸை எடுத்தேன். அவன் வாங்கி வைத்துவிட்டான். "நீ உக்காரு பெரில். வேற யாராவது எழுதட்டும்." ஆட்டத்தில் அவனுக்கு மீதி முப்பத்திரண்டு வந்தது. எல்லாரும் டபுள் பதினாறைப் பார்த்திருக்க, அவன் ஒற்றைப் பன்னிரண்டை எறிந்து, டபுள் பத்துக்குப் போனான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்குத் தெரியும். தகுதி ஆட்டத்தில் எறியாமல் நின்றது அதனால்தான்.

அதற்குப் பிறகு டபுள் பதினாறை அவன் எறியவில்லை. முப்பத்திரண்டு வராமல் இருக்க அறுபதிலும் எழுபதிலுமே சுற்றுவழி பிடிப்பான். வர்ணனையாளர்கள் முதலில் தந்திரம் என்றார்கள், பிறகு மூடநம்பிக்கை, கடைசியில் வியாதி. ரசிகர்கள் விட்டுவைப்பார்களா? "என்ன நெவ், டபுள் பதினாறுல உன் மாமியார் குடியிருக்காளா?" என்று கூட்டத்திலிருந்து கத்துவார்கள். அவனும் கூடச் சிரிப்பான். சிரித்தபடியே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அரையிறுதி. மீதி முப்பத்திரண்டு, மூன்று அம்பும் கையில். எதிராளிக்கு இன்னும் நூறுக்கு மேல் இருந்தது. டபுள் பதினாறை மூன்று தடவை எறிந்து பார்க்கலாம். என் வீட்டு டிவி முன்னால் அக்கம்பக்கத்தார் பதினோரு பேர். தட்டில் சீஸ் வைத்த ஓட்கேக் ரொட்டிகள் ஆறிக்கொண்டிருந்தன. "எறிடா, எறிடா" என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவன் பன்னிரண்டை எறிந்தான். பிறகு டபுள் பத்துக்கு இரண்டு அம்பு. இரண்டும் கம்பிக்கு வெளியே. எதிராளி வந்து மூன்றே அம்பில் முடித்துவிட்டார்.

"லூசுப்பய டக் உன் தம்பி" என்றாள் பக்கத்து வீட்டு க்ளெனிஸ். நான் எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினேன்.

மறுநாள் காலை விடுதியிலிருந்து கூப்பிட்டான். விடிய விடியக் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடந்தானாம். "பதினாறு அங்கயேதான் இருந்துச்சு பெரில். நான் பாத்தேன்" என்றான். நான் பேசியிருக்கவேண்டும். "குளிருல நடக்காத" என்று மட்டும் சொன்னேன்.

அப்படியே வருஷங்கள் போயின. அவன் ஓய்வு பெற்றான். ஓய்வு என்று பெயர்தான். ஒரு வீட்டில் இரண்டு வருஷம் இருக்கமாட்டான். மனைவி ஒருத்தி போனாள், இன்னொருத்தியும் போனாள். கிறிஸ்துமஸ் விருந்தில் கோழி வெட்டும்போதே சாவியைத் தேடுவான். பிறகு நுரையீரல் கெட்டது. இளமையில் ஆலையில் இழுத்த களிமண் தூசி. டாக்டர், அடுத்த கோடையைப் பற்றிப் பேசவில்லை.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தான். வழக்கம்போல் கதவில் சாய்ந்தான். தேநீர் கேட்கவில்லை.

"கெளம்பு."

"எங்க?"

"பிடல்ஃப்."

எங்கே போகிறோம் என்று அவனுக்கு முதல் தடவையாகத் தெரிந்திருந்தது. பாதி வழியில், சாலையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டான். "அன்னைக்கி நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"நீ எறியாம நின்னியே, அப்போ."

"ம்." கொஞ்ச தூரம் போனபின், "நீ சொல்லுவேன்னு நின்னேன்" என்றான்.

"நீ சொல்லுவேன்னு நான் நின்னேன்."

வில்ஃபுக்கு எழுபத்து மூன்று. வழக்கமாகப் போகும் பப்பில் ஜன்னலோரம் தனியாகச் சீஸ் வெங்காய ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாருப்பா இது! டிவி மூஞ்சி எல்லாம் எங்க ஊருப் பக்கம் வருது. வழி தவறிட்டியா டக்?"

"வில்ஃப், ஒரு ஆட்டம் முடியாம நிக்குது."

அவர் மெல்வதை நிறுத்தவில்லை. விழுங்கிவிட்டு, "அம்பத்திரண்டு" என்றார்.

நெவ்வின் கையில் சாவி நின்றது. பிறகு நான்தான் கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தோத்தவன்தான டீச்சர் பலகையைத் துடைக்கணும்? துடைக்கப் போனேன், எழுதியிருந்தது. முப்பது வருஷம் பால் பாட்டில் எண்ணினவனுக்கு அதுகூடவா தெரியாது?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எதுக்கு? எறிஞ்சாச்சு, முடிஞ்சாச்சு. அப்புறம் கத்தினா, தோத்துட்டு அழறான்னுதான் பேரு. முத வருஷம் இவன் டிவில வந்தா அணைச்சிருவேன். அப்புறம் பாத்தா, முப்பத்திரண்டு வந்தா இவன் பேயைக் கண்டமாதிரி ஓடறான். அதுலருந்து ஒரு ஆட்டம் விடல நான். என் பொண்டாட்டி திட்டுவா. அவ்வளவு சிரிப்பேன்." ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார். "அரையிறுதில மட்டும் சிரிக்கல."

"எடுத்துத் தாங்க அம்பை" என்றான் நெவ்.

"உனக்கு மூச்சே வரலயேடா."

"மூணு அம்புக்கு வரும்."

பலகையில் அன்றைய சூப்பின் பெயர் எழுதியிருந்தது. வில்ஃப் சட்டைக்கையால் அதைத் துடைத்துவிட்டுச் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். நெவ்வைப் பார்த்தேன். அவன் தலையசைத்தான். ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். பக்கத்தில் முப்பத்தாறு. பலகையைப் பார்த்தபடி நின்றேன்.

முதல் அம்பு, ஒற்றை இருபது. பின்னால் அவன் மூச்சு இழுப்பது கேட்டது.

"எவ்வளவு பெரில்?"

அவனுக்குத் தெரியாதா என்ன? முப்பத்து மூன்று வருஷத்தில் என்னிடம் அவன் அதைக் கேட்டதில்லை.

"முப்பத்திரண்டு."

அம்பு வரத் தாமதமாயிற்று. ஆனால் அது தயங்கி நின்ற நேரம் அல்ல, மூச்சுக்காக நின்ற நேரம். குத்தியது. ஒற்றைப் பதினாறு, டபுளுக்கு ஒரு நூல் உள்ளே. மீதி பதினாறு. மூன்றாவது டபுள் எட்டின் கம்பியில் பட்டுத் தரையில் விழுந்தது.

வில்ஃப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கோட்டில் நின்றார். முதலாவது வெளியே. இரண்டாவது இன்னும் வெளியே. மூன்றாவது டபுள் பதினெட்டின் நடுவில்.

யாரும் கைதட்டவில்லை. பப்பில் வேறு யாரும் இல்லை.

"தினம் நூறு எறிவேன்" என்றார் வில்ஃப், மூச்சு வாங்கியபடி. "டபுள் பதினெட்டு மட்டும். அன்னைக்கி விட்டதுலருந்து. நீ அம்பத்திரண்டுன்னே சொல்லியிருந்தாலும், மூணு அம்பையும் விட்டவன் நான்தானடா."

நெவ் சிரித்தான். இருமல் வந்து சிரிப்பை முறித்தது. இருமி முடித்ததும் சாவிக்குத்தான் கை போகும் என்று நினைத்தேன். வில்ஃப் என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கி அவனிடம் நீட்டினார்.

"தோத்தவன் எழுதணும். டீச்சர், வாங்க, அம்பை எடுங்க. என் மகன ஃபெயில் ஆக்கினதுக்கு இன்னைக்கித் தீத்துக்கறேன்."

நெவ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். ஈரத்துணியால் பலகையை ஓரம்வரை துடைத்தான். எங்கள் இருவருக்கும் ஐந்நூற்று ஒன்று எழுதிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

எனக்கு எறியத் தெரியாது. இருபதைக் குறிவைத்தால் பக்கத்து ஒன்றில் விழும், இல்லையென்றால் ஐந்தில். வில்ஃப் ஒவ்வொன்றுக்கும் என்னைக் கிண்டல் செய்தார். நெவ் திரும்பவே இல்லை. ஒவ்வொரு எண்ணையும் கழித்து எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்து, அதன்பிறகே சாக்பீஸைத் தாழ்த்தினான். கால் மாற்றவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நானூற்று அறுபதில் இருந்தேன். அடுத்த அம்பை எடுத்து, இருபதைப் பார்த்துவிட்டு, ஆட்டம் சீக்கிரம் முடியாதிருக்க, வேண்டுமென்றே ஒன்றைக் குறிவைத்து எறிந்தேன்.