சொல்லி வைக்கிறேன் என்ற குரல்

குளிர்க் கிடங்கின் வாசல் அறையில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பவளைச் சுற்றுவட்டார விவசாயிகள் எல்லாரும் போன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்; குரலை அறியாதவர் எவருமில்லை. யார் கூப்பிட்டாலும் முதலில் ஊர் நலம், பிறகு வீட்டு நலம், அதற்கப்புறம்தான் கிழங்கு.

அந்தக் கிடங்கில் பெரும்பாலும் விதை உருளைக்கிழங்குதான் வைப்பார்கள். விதைப்புக்கு முன்னால் குறித்த தேதிக்குள் மூட்டைகளை எடுத்துவிட வேண்டும். அதன்பின் அறையைக் காலி செய்து குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திக் கழுவுவார்கள். எடுக்காத மூட்டைகள் வெளியே தகரக் கொட்டகைக்குப் போகும். அதற்குமேல் கம்பெனி பொறுப்பில்லை. இதெல்லாம் ஒப்பந்தத்தில் அச்சடித்து, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. ஆனால் லாரி நடுவழியில் படுத்துவிடும். மழை பிடித்துக்கொள்ளும். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். அப்போது போன் வரும்.

"இருக்கட்டும்ணே, நான் சொல்லி வைக்கிறேன்" என்பாள் போன் அக்கா.

சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து சாவிக்காரரிடம் போவாள். கிடங்கு அறைகளைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. "அந்த மூலை மூட்டையைத் தொட்டுடாதீங்கண்ணே, ஆள் வந்துட்டிருக்காரு" என்பாள். அவர் சுண்ணாம்புக் கட்டியால் மூட்டைகள் மேல் வட்டம் போடுவார். வட்டம் போட்ட மூட்டையைச் சுமையாட்கள் தொட மாட்டார்கள். அந்த அறையின் இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும். ஏட்டில் ஏறாத ஏற்பாடு அது. மேனேஜருக்குத் தெரியும்; தெரியாதவர் போல் இருந்துகொள்வார்.

"உனக்கென்ன, வாயால சொல்லிட்டுப் போயிடுவ. குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்புதான் கழண்டு போகுது" என்று சாவிக்காரர் முணுமுணுப்பார்.

"கழண்டா எடுத்து உள்ள வைங்க, கெடாம இருக்கும்" என்பாள் அவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் கம்பெனி புது ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. இனி தொலைபேசியை செயற்கை நுண்ணறிவு எடுக்கும். அவள் பேசிப் பதிவான அழைப்புகளையெல்லாம் அதற்குக் கொடுத்துப் பழக்கப் போகிறார்கள். குரலும் அவளுடையதாகவே இருக்கும்.

"ஜனங்க உங்க குரலைத்தானே நம்புறாங்க. வேற குரல் போட்டா போனை வெச்சுடுவாங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார் மேனேஜர்.

அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். கையெழுத்துப் போட்டாள். வேலையும் போகவில்லை. மாடி அறையில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, அந்தக் குரல் பேசிய அழைப்புகளில் சிலவற்றைக் கேட்டு, உச்சரிப்பு சரியா பிழையா என்று திரையில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் அவள் கணவன் தையல்காரர். முதல் நாளே தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கிடங்கு எண்ணுக்குப் போன் போட்டார். "வணக்கம்ணே, நல்லா இருக்கீங்களா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றது அவள் குரல்.

"வீட்டுல இருக்கிறவ இப்படி ஒரு நாளும் கேட்டதில்லம்மா" என்று போனிலேயே குறைப்பட்டுக்கொண்டார் அவர்.

"ஐயோ பாவம், மனசை விட்டுடாதீங்கண்ணே" என்றது குரல். பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அடுத்த பருவம் வரைதான். மூட்டை எடுக்கும் காலம் நெருங்கியபோது, மாடி அறையில் ஒரு அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாரோ ஒருவர் லாரி கிடைக்கவில்லை என்கிறார். "இருக்கட்டும்ணே, நான் சொல்லி வைக்கிறேன்" என்கிறது குரல். அச்சு அசல் அவளேதான். சொல்லும்போது அவள் விடுகிற மூச்சுகூட இருந்தது.

நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், அது சொல்லி வைக்கிறேன்னு சொல்லுது. யார்கிட்ட சார் சொல்லுது?"

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே. மரியாதைக்கு ஒரு வார்த்தை, விடுங்க."

"நான் சொன்னா எந்திரிச்சுப் போய் சாவிக்கார அண்ணன்கிட்ட சொல்வேன் சார். அது போகாதே."

"எடுத்த எடுப்புலயே இந்த அழைப்பு தகவலுக்கு மட்டும்னு ஒரு வரி சொல்லுது பாருங்க. சட்டப்படி அது போதும். உச்சரிப்பு பாருங்க, போதும்."

பாருங்கள், கோளாறு இவ்வளவுதான். அவள் சொல்லில் பாதி வாயில் இருந்தது, பாதி காலில் இருந்தது. பதிவு செய்கிற கருவி வாயை மட்டும் எடுத்துக்கொண்டது. மேனேஜரும் முற்றத்தில் அவள் நடந்ததை எத்தனையோ தடவை கண்ணால் பார்த்தவர்தான். ஆனாலும் அந்தக் குரல் இயந்திரத்தை வாங்கும்போது நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்குமே தோன்றவில்லை.

அதன்பின் காதில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் படியிறங்கிப் போய்ச் சாவிக்காரரிடம் சொன்னாள். ஆனால் அவளுக்குக் கேட்கக் கொடுத்தது கையளவு. மற்றவை என்ன பேசி முடிந்தன என்று யாருக்குத் தெரியும்?

கிழங்குக்காரர் என்று எல்லாரும் அழைக்கும் ஒருவருடைய அழைப்பு அந்தக் கையளவில் இல்லை. கடையில் விதை வாங்காதவர் அவர். சொந்தக் காட்டில் நோய் தாங்கி நின்ற செடிகளாகப் பார்த்துப் பார்த்து, வருஷக்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்த விதையைத்தான் கிடங்கில் வைத்திருந்தார். கடைசி நேரத்தில் லாரி பழுதாகி நிற்க, போன் போட்டார். "இருக்கட்டும்ணே, நான் சொல்லி வைக்கிறேன். பதறாதீங்க" என்றது குரல். அவரும் பதறாமல் லாரியைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு வந்தார். மூட்டைகள் தகரக் கொட்டகையில் கிடந்தன. வெயில் ஏறிய தகரம். மூட்டைகளின் அடியில் பழுப்பாக நீர் கசிந்துகொண்டிருந்தது. நாற்றம் கேட் வரை வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. மாடியேறி வந்து அவள் எதிரில் நின்றார்.

"ஏம்மா, சொல்லி வைக்கிறேன்னியே."

"அண்ணே, அது நான் இல்லண்ணே."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது. அவர் அவள் வாயையே பார்த்தார். அந்தக் குரல் அந்த வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

வழக்குப் போட்டார். கொடுத்த வாக்கை நம்பி விதையை இழந்தேன், கம்பெனிதான் பொறுப்பு என்பது அவர் பக்கம். தேதியை நீட்டிக்க எழுத்தில் அனுமதி வேண்டும், தானியங்கிக் குரலுக்கு அந்த அதிகாரமே கிடையாது என்பது கம்பெனி பக்கம். குரலுக்கு உரியவளைச் சாட்சிக்கு அழைத்தது கிழங்குக்காரரின் வக்கீல்.

அழைப்பாணை வந்ததும் கம்பெனி வக்கீல் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். "பொய் சொல்ல வேண்டாம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததைச் சொன்னா கம்பெனிக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். கேஸ் முடியற வரைக்கும் எதிர்த் தரப்போட பேச வேண்டாம்."

அன்று வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்: "மேனேஜர்கிட்ட முன்னாடியே எச்சரிச்சேன்ல, அதை மட்டும் கோர்ட்டுல சொல்லிடணும்."

"கேப்பாங்களா?"

"கிழங்குக்காரரோட வக்கீல் கேக்காம இருப்பாரா? நடந்தது என்னன்னுதானே முதல்ல கேப்பாங்க."

"சொன்னா வேலை?"

அவர் ஊசியில் நூல் கோத்தார். கோத்த பிறகு, "சொல்லிடு. கேட்டா சொல்லிடு" என்றார்.

நீதிமன்ற அறையில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. அவள் கூண்டில் ஏறி நின்றாள். கிழங்குக்காரரின் வக்கீல் துடிப்பான இளைஞர். கையில் கைக்கணினி வைத்திருந்தார். வழக்குக் கட்டு முழுவதையும் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டி, சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அதிலேயே தயாரித்து வாங்கியிருந்தார். அதை அவர் மறைக்கவுமில்லை. இப்போதெல்லாம் எல்லாரும் செய்கிறார்கள். கட்டுக்குள் இருந்ததையெல்லாம் அது விடாமல் பிடித்திருந்தது. அவள் எச்சரித்ததோ அந்தக் கட்டுக்குள் இல்லை.

குரல் பதிவை ஓடவிட்டார்கள். "இருக்கட்டும்ணே" என்று அறை முழுக்க அவள் பேசினாள்.

"இது உங்க குரல்தானே?"

"ஆமாங்க."

"இந்தக் குரலைக் கம்பெனி பயன்படுத்த நீங்க சம்மதம் கொடுத்தீங்க?"

"கொடுத்தேன்."

"இந்தக் குரலை நம்பித்தான் விவசாயிகள் கிடங்கோட பேசுறாங்க?"

"ஆமாங்க."

நல்ல கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அடுத்தது அதுதான், அடுத்தது அதுதான் என்று அவள் காத்திருந்தாள். அவர் விரலால் திரையைத் தள்ளினார். தள்ளத் தள்ள ஒன்றும் வரவில்லை. "அவ்வளவுதான், ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"பதிவுல இருக்கிற அந்த வார்த்தைகளை அன்னிக்கு நீங்க பேசினீங்களா?"

"இல்லங்க."

"சொல்லி வைக்கிறேன்னு சொல்லச் சொல்லிக் கம்பெனி உங்களுக்கு எப்பவாவது சொல்லிக் கொடுத்ததா?"

"இல்லங்க. அது நானா..."

"உங்க சொந்தப் பழக்கம்."

"ஆமா. ஆனா நான் சொன்னா போய்..."

"சொந்தப் பழக்கம்னு பதிவு செய்யலாம், ஐயா."

விசைப்பலகையில் தட்டச்சர் தட்டினார். அவள் நீதிபதி பக்கம் திரும்பினாள். "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோபமில்லாத முகம். "கேட்டதுக்கு மட்டும் சொன்னாப் போதும்மா. வேற கேள்வி இருக்கா?" என்று அந்த இளைஞரைப் பார்த்தார். அவர் ஒரு கணம் யோசித்தார். திரையைப் பார்த்தார். "இல்லை, ஐயா" என்றார்.

அவள் இறங்கினாள்.

வராந்தாவில் தூணருகே கிழங்குக்காரர் நின்றிருந்தார். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தும் கால் அங்கேயே போய் நின்றது. அவர்தான் முதலில் பேசினார்.

"ஒண்ணு கேக்கவாம்மா? அன்னிக்குப் போனை நீ எடுத்திருந்தா?"

"போய்ச் சொல்லியிருப்பேண்ணே. இறங்கிப் போய் வட்டம் போடச் சொல்லியிருப்பேன்."

"அது எனக்குத் தெரியும்."

"அந்த மெஷின் போய்ச் சொல்லாதுன்னு மேனேஜர்கிட்டயும் சொன்னேண்ணே. முன்னாடியே சொன்னேன்."

அவர் சட்டென்று அந்த இளைஞரைக் கைகாட்டி அழைத்தார். விஷயத்தைக் கேட்ட வக்கீலின் முகம் வெளுத்தது. "இதை நீங்க எனக்கு முதல்லயே சொல்லியிருக்கணும்ல?" என்றார் அவளிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "திரும்பக் கூப்பிட மனுப் போடலாம். ஏத்துக்கிறது சந்தேகம். மேனேஜர்கிட்ட சொன்னப்ப வேற யாராவது இருந்தாங்களா? எழுத்துல ஏதாவது?"

"நேர்லதான் சொன்னேன். நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"அவர் இல்லைன்னுடுவார்."

கிழங்குக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "விடுங்க தம்பி. இவங்க வேலையும் போறதுதான் மிச்சம். மனு ஜெயிச்சாலும் என் விதை திரும்பி வராது. வேற விதையை வெச்சு நான் என்ன பண்ண?" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எதையாவது சொல்லித் தேற்ற வாயெடுத்தாள். நாக்கில் வந்தது அந்த ஒரே வார்த்தைதான். அதை மென்று விழுங்கினாள். அவர் படியிறங்கி நடந்தார்.

கேட்டருகே கம்பெனிக் கார் நின்றது. அவள் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். முன்னிருக்கையில் இருந்த கம்பெனி வக்கீல் பின்பக்கம் திரும்பி அவளுக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

"நல்லாப் பேசினீங்கம்மா" என்றார்.